பட்டனுக்கு மூன்றாவது குளியல்

காலையில் கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்த பட்டன், முகத்தைக் கம்பளத்தில் தேய் தேயென்று தேய்த்தது. கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று பதறிய ஆர்வில், அந்தக் குட்டை நாயைத் தூக்கி மடியில் போட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்தார். பக்கத்து வீட்டு எர்மா கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ ஆர்வில்! ஸ்கங்க் வந்து நாத்தத் தண்ணியைப் பீய்ச்சின நாயை மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்களே!"

"ஆமா, நானும் இப்பத்தான் கவனிச்சேன்," என்று ஆர்வில் கூசாமல் புளுகினார்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் வந்த காய்ச்சல் அவர் மூக்கின் மோப்ப சக்தியை முழுசாகக் கொண்டுபோய்விட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன வசந்தத்தில் அடுப்பு அணைந்து, வீடெல்லாம் எரிவாயு பரவியிருந்தபோது உள்ளே வந்த மகள் மார்லிஸ் அலறிய அலறல் இன்னும் அவர் காதில் இருக்கிறது. சளி பிடித்திருக்கிறது என்று அன்றைக்குச் சமாளித்தார். "இனிமே ஒரு தடவை இப்படி ஆச்சு, நீங்க நகரத்துக்கு வந்துடணும்," என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அவள் பார்த்து வைத்திருந்த முதியோர் குடியிருப்பில் நாய்க்கு இடமில்லை. இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறாள்.

நாற்றம் போகட்டும் என்று ஆர்வில் அலமாரியில் இருந்த தக்காளிச் சாற்று டப்பாக்களை எல்லாம் உடைத்துப் பட்டன் மேல் ஊற்றினார்.

"நாயைச் சூப்பு வைக்கப்போறீங்களா? அந்தக் காலத்து வைத்தியம் இதுக்கு ஆகாது," என்ற எர்மா, வீட்டுக்கு ஓடிப்போய் ஹைட்ரஜன் பெராக்சைடும் சமையல் சோடாவும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டுவந்து கலக்கினார். அக்டோபர் குளிரில், முற்றத்தில் வைத்து, நாயின் கண்ணில் கலவை படாமல் இருவரும் தேய்த்தார்கள். பட்டன் நடுங்கியபடி ஆர்விலையே பார்த்தது.

"போயிடுச்சா எர்மா?"

"நீங்களே மோந்து பாருங்களேன்."

ஆர்வில் குனிந்து மூச்சை இழுத்தார். "சுத்தமாப் போயிடுச்சு!"

முழங்கையால் மூக்கைப் பொத்தியபடி எர்மா அவரையே பார்த்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. அது நாற்றத்தாலா வேறெதனாலா என்று ஆர்விலுக்குத் தெரியவில்லை. மாட்டிக்கொண்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

மார்லிஸ் காரை விட்டு இறங்கியதுமே கழுத்துத் துணியால் மூக்கை மூடிக்கொண்டாள். "அப்பா! எப்படி இதுல உக்காந்திருக்கீங்க?"

எர்மா முந்திக்கொண்டார். "காலையிலருந்து இதுலயே கிடக்கோம்மா, மூக்கு மரத்துப்போச்சு. அவருக்கு மட்டும் என்ன, எனக்கும் ஒண்ணும் தெரியல."

மார்லிஸ் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். ஆர்விலுக்கு எர்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. காபி போட மார்லிஸ் அடுப்படிக்குப் போக, ஈரத்தோடு பட்டனும் பின்னாலேயே ஓடி, வழக்கமாகப் படுக்கும் அடுப்போரத்தில் சுருண்டுகொண்டது. அன்று வாயு பரவியபோதும் அது அங்கேதான் கிடந்தது. ஆர்வில் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"மார்லிஸ், எர்மா எனக்காகப் பொய் சொல்றாங்க. எனக்கு வாசனையே தெரியாதும்மா. அந்தக் காய்ச்சலோட போச்சு. காபி, ரொட்டி, எரிவாயு, எதுவுமே தெரியாது." குரல் உடைந்தது. "நான் எங்க வேணா வந்துடறேன். பட்டனை மட்டும் எர்மா வச்சுக்கட்டும்."

தீக்குச்சியும் கையுமாக மார்லிஸ் நின்றாள். அப்பா அழுது அவள் பார்த்ததில்லை.

"ரெண்டு வருஷமாவா? ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உடனே கிளம்பச் சொல்வியே."

மார்லிஸ் தீக்குச்சியைக் கீழே வைத்தாள். அடுப்புக்குப் பின்னால் கைவிட்டு எரிவாயுக் குழாயைத் திருகி மூடினாள்.

"இந்த வீட்டை விட்டுக் கிளம்பவேண்டியது இந்த அடுப்புதான்," என்றாள். "மின்சார அடுப்பு வாங்கிக்கலாம்."

பிறகு தரையில் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனின் காதுக்குப் பின்னால் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இங்கதான் இன்னும் குடலைப் புரட்டுது. வாளியை எடுங்கப்பா. நான் மோந்து சொல்றேன், நீங்க தேயுங்க."