ஏழு கேள்விக்கும் பொருந்தும் அப்பா

தாவ் மின்ருய்க்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் முப்பதுக்கு இருபத்து நான்கு மதிப்பெண் வேண்டும். முந்தைய இரண்டு முறையும் இருபத்திரண்டில் நின்றுவிட்டது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அவளை மண்ணியல் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் கூடவே வகுப்பு எடுக்கும் வேலையும் செய்ய வேண்டும், அதற்கு இருபத்து நான்கு. அந்த வேலைச் சம்பளம் இல்லாமல் அங்கே போய்ப் படிப்பது ஃபூயாங்கில் இருக்கும் அவள் வீட்டாருக்கு நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம். விண்ணப்பம் டிசம்பர் பதினைந்தோடு முடிகிறது. அதற்குள் மதிப்பெண் வந்து சேர வேண்டுமென்றால் நவம்பர் கடைசிச் சனிக்கிழமைத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு.

சீனாவின் ஹெஃபே நகரில் செல்போன் கடை ஒன்றின் மேலே நாலாவது மாடியில் அவளுடைய மாலை வகுப்பு நடந்தது. நடத்தியவர் கெங் லாவ்ஷி, அதாவது கெங் வாத்தியார். அவர் ஒரு முறைகூட வெளிநாடு போனதில்லை, ஆனால் அந்தத் தேர்வை மட்டும் தன் சட்டைப்பையைப் போல அறிந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கேள்வி ஆயிரம் வரும். ஆயிரம் பதில் தயார் பண்ண உங்களால ஆகாது. ஒரே கதையை வெச்சுக்கோங்க. மனுஷனப் பத்திக் கேட்டாலும் அதே கதை, பொருளப் பத்திக் கேட்டாலும் அதே கதை. சட்டை ஒண்ணுதான், பொத்தானை மட்டும் மாத்திப் போடுங்க."

செப்டம்பரில் எல்லாரும் ஆளுக்கொரு கதை எழுதிக்கொண்டு வர வேண்டியிருந்தது. லாவ்ஷி தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதியோர் இல்லத்துக்குச் சேவை செய்ய இந்த வகுப்புலேர்ந்து பதினாலு பேர் போயிருக்கீங்க. அங்க இருக்கற கிழவங்களுக்கு மூச்சு விட நேரம் குடுத்தீங்களா, இல்லையா?"

வகுப்பு சிரித்து ஓய்ந்தபின் மின்ருய்யின் தாளை எடுத்தார். படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

அவள் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். மாவு ஆலையில் உருளை எந்திரத்தின் பக்கத்திலேயே இருபத்தோரு வருஷம் நின்று அவருடைய காது போய்விட்டது. பள்ளிக்கூட நாட்களில் விடிந்ததும் அவள் ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்திருப்பார். அவள் குரலுக்கு மேசை லேசாக அதிரும். அதிர்வு நின்றால் நிமிர்ந்து பார்ப்பார். ஒரு குளிர்காலத்தில் அவள் சோம்பலில் வெறுமனே உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் முழுக்க அவருக்கு அது தெரிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் கையை அப்படியே மேசையில் வைத்திருந்தார்.

"ஆள் வந்தாச்சு, பொருள் வந்தாச்சு, பழக்கம் வந்தாச்சு, கஷ்டம் வந்தாச்சு," என்று லாவ்ஷி விரல்விட்டு எண்ணினார். "ஏழு வகைக் கேள்விக்கும் ஓடும். ஆனா இந்த உதட்டு சமாச்சாரம் வேணாம். பதில் சொல்ற நாப்பத்தஞ்சு நொடில பாவமன்னிப்புக்கெல்லாம் இடம் கிடையாது. கடைசில நீ ஜெயிச்சே, அவர் புன்னகை பண்ணாரு. முடிச்சுடு."

பிறகு, "இத நம்ம தாள்ல போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

வகுப்பின் தாள் என்பது எல்லாருக்கும் பொது. தேர்வு எழுதி வந்தவர்கள் கேள்விகளை நினைவுபடுத்தி அதில் சேர்ப்பார்கள். அடுத்து எழுதப் போகிறவர்கள் அதைப் பார்த்துத் தயாராவார்கள். அவளும் அதிலிருந்து எடுத்துக்கொண்டவள்தான். கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அன்றைக்குத் தன் குறிப்பேட்டில் நடுவே கோடு போட்டு, கொடுப்பதற்கான காரணங்களை இடப்பக்கமும் கொடுக்காமலிருப்பதற்கான காரணங்களை வலப்பக்கமும் எழுதினாள். இரண்டு பக்கமும் நாலு நாலாக வந்தது. சரியாக எண்ணினோமா என்று சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினாள். அதே நாலு. கடைசியில் அவளே தட்டச்சு செய்து, பிழை பார்த்து அனுப்பினாள். 'அவருக்குக் காது கேட்காது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்' என்ற வரியை அமைக்க மட்டும் மூன்று மாலை நேரம் அகராதியோடு உட்கார்ந்தாள். தாளில் அது மூன்றாம் எண் கதை ஆனது. ஒரு வாரம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தேர்வு நாளில் அவளோடு வந்தவள் ஷென் யூவே. வகுப்பில் பக்கத்து இருக்கை, இரண்டு வயது மூத்தவள், கணக்கியலுக்கு விண்ணப்பிக்கிறவள். தேர்வு மைய வாசலில் வரிசையில் நின்றபோது யூவே அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"எங்க ஓடற? முன்னாடி போறவன் தியாகி, பின்னாடி போறவன் புத்திசாலி. சின்னத் தாவ், போய்க் கழிவறைல நின்னு நிதானமா கை கழுவு. நாலு தடவ கழுவு."

இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. உள்ளே போகிறவர்கள் போன உடனே தேர்வைத் தொடங்கிவிடுவார்கள். கடைசியாகப் போகிறவர்கள் இன்னும் ஒலிப்பதிவு உரைகளைக் கேட்டு விடையளிக்கும் பகுதியில் இருக்கும்போதே முன்னால் போனவர்கள் ஒலிவாங்கியில் பேசத் தொடங்குவார்கள். இடையில் இருப்பது தோளுயரப் பலகைதான். காதைத் தீட்டிக்கொண்டால் பேச்சுக் கேள்வி இன்னதென்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் அன்றைக்கு மேற்பார்வையாளர் யூவேயின் அடையாள அட்டையை முதலிலேயே வாங்கிக்கொண்டதால் அவளே தியாகியானாள். மின்ருய் நாலு தடவை கை கழுவிவிட்டுக் கடைசிக்கு முந்தின ஆளாக உள்ளே போனாள்.

ஒரு உரை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் இடப்பக்கத்துப் பையனின் குரல் கேட்டது. 'என் அப்பாவுக்குக் காது கேட்காது' என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அவள் கதைக்கு ஏற்ற கேள்வியே வந்திருக்கிறது. இருபத்து நான்கு இனிக் கைக்கெட்டும் தூரம். அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: 'அவருக்குக் காது கேட்காது, ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.' அந்தக் குரலை மின்ருய் வகுப்பில் கேட்டதே இல்லை. அப்படியென்றால் தாள் வெளியேயும் போயிருக்கிறது. அதற்கடுத்து இரண்டு வரிசை முன்னாலிருந்து யூவேயின் குரல். மேசை அதிர்ந்த இடத்தில் தொண்டை அடைத்ததுபோல் நிறுத்தி, மூச்சு வாங்கி, மீண்டும் தொடர்ந்தாள். மின்ருய் எண்ணத் தொடங்கினாள். எண்ண வேண்டாமென்று நினைத்தாலும் எண்ணிக்கொண்டே போனாள். ஆறு. அந்த அறைக்குள் ஆறு செவிட்டு அப்பாக்கள் ஆறு மேசைகளில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் கவனிக்க வேண்டிய உரை அதற்குள் பாதி ஓடிவிட்டிருந்தது.

அவள் முறை வந்தது. திரையில் கேள்வி: உங்களுக்கு உதவிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். யோசிக்கப் பதினைந்து நொடி.

ஒரே பதிலைப் பலர் சொன்னால் எல்லாருடைய மதிப்பெண்ணையும் நிறுத்திவைப்பார்கள் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. ஏழாவதாக வரும் அப்பாவை யார் நம்புவார்கள்? அவர்தான் அசல் என்று யாரிடம் போய்ச் சொல்வது? லாவ்ஷி வெட்டிய உதட்டுக் கதையைச் சொல்லலாமென்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதையும் இவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அடுத்த மாதம் அதுவும் தாளில் ஏறும்.

மணி ஒலித்தது. "என் அப்பா," என்று தொடங்கினாள். நின்றாள். மூன்று நொடி ஓடியது. பிறகு, "என் பக்கத்து வீட்டுக்காரர்," என்றாள். அப்படி ஒருவர் கிடையாது. அவர் சைக்கிள் ரிப்பேர் செய்து கொடுத்தார் என்றாள். நல்லவர் என்றாள். மறுபடியும் நல்லவர் என்றாள். மிச்சமிருந்த பதினாறு நொடியில் ஒலிவாங்கி அவள் மூச்சைத்தான் பதிவு செய்தது.

வெளியே யூவே எள் ரொட்டி ஒன்றைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள்.

"உங்கப்பா நம்மளக் கரையேத்திட்டாரு. நீயும் அதானே சொன்ன?"

"இல்ல யூவே அக்கா. பக்கத்து வீட்டுக்காரரச் சொன்னேன். சைக்கிள் ரிப்பேர்."

யூவே மெல்லுவதை நிறுத்தினாள். "சொந்த அப்பாவ வீட்ல வெச்சுக்கிட்டு எவனோ சைக்கிள்காரனையா சொன்ன? உனக்கு மூளை கீளை இருக்கா?"

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"நல்லா இருந்துச்சா?" யூவே உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "மேசை அதிர்ற எடத்துல நிறுத்தினேன் பாரு, அது எடுபட்டுச்சா?"

"எடுபட்டுச்சு," என்றாள் மின்ருய். பொய்யில்லை. அவள் எழுதியதைவிட யூவே சொன்னதுதான் அப்பாவைப் போல இருந்தது.

பத்தாம் நாள் மதிப்பெண் வந்தது. யூவேக்கு இருபத்தாறு. யாருடையதையும் நிறுத்திவைக்கவில்லை. மின்ருய்க்கு இருபத்தொன்று.

அன்று மாலை கெங் லாவ்ஷி கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ஜனவரிலயும் ஒரு தேர்வு இருக்கு, விடு. குளிர்கால வகுப்புக்கு நீ சும்மாவே வந்து உக்காரு. ஒண்ணே ஒண்ணு. மூணாம் நம்பர் கதை தேஞ்சுபோச்சு. புதுசா ஒண்ணு எழுதித் தா. அம்மா இருக்காங்கல்ல?"

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து கற்பனையில் ஒரு அம்மாவை எழுதினாள். ஏழு வகைக் கேள்விக்கும் பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்பினாள். அரைமணியில் பதில் வந்தது: 'இலக்கணம் சரி. ஆனா நம்பற மாதிரி இல்ல. நிஜமா நடந்தது ஏதாவது குடு.'

'வேற எதுவும் இல்ல லாவ்ஷி' என்று அனுப்பிவிட்டு, வகுப்புக் குழுவிலிருந்து வெளியேறினாள். வெளியேறியது சரிதானா என்று குறிப்பேட்டில் கோடு போட்டாள். இரண்டு பக்கமும் எதுவும் எழுத வரவில்லை.

அவள் விரும்பிய பல்கலைக்கழகம் கைவிட்டுப் போய்விட்டது. பிப்ரவரி வரை விண்ணப்பம் வாங்கும் சின்னப் பல்கலைக்கழகம் ஒன்று மிச்சமிருந்தது. அங்கேயும் வகுப்பு எடுக்கும் வேலைக்கு இருபத்து நான்குதான். ஜனவரித் தேர்வுக்கு ஹெஃபேயில் நாலு இருக்கை காலியென்று திரை காட்டியது. பட்டியலில் கீழே இறங்கிப் போனால் இன்சுவான் நகரில் பன்னிரண்டு. அவள் சுட்டியை இன்சுவான்மேல் வைத்திருந்தபோது அம்மா போனில் கூப்பிட்டாள்.

"அப்பா கை ஜாடைல கேட்டுக்கிட்டே இருக்காரு. மார்க்கு வந்துச்சா?"

"வந்துச்சும்மா. கொறஞ்சுபோச்சு."

"எதுல விட்ட?"

"உதவி செஞ்ச ஒருத்தரப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. எனக்கு ஆள் கெடைக்கல."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "எங்கள்ல யாரையாவது சொல்லிருக்கலாமே. நாங்க கோவிச்சுக்கவா போறோம்?"

மின்ருய் இன்சுவானின் இருக்கைப் பட்டியலைத் திறந்தாள்.

"சரி, அடுத்தது எப்ப?"

"ஜனவரில. இன்சுவான்ல."

"அது எங்க கெடக்கு?"

"ரயில்ல ஒரு பகல் ஒரு ராத்திரி ஆகும்."

"அவ்ளோ தூரமா? ஹெஃபேல எடமில்லியா?"

"இல்லம்மா."

"அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல," என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டில் ஒன்றை அழுத்தினாள். திரையில் பதினொன்று என்று மாறியது.