எல்லாருக்கும் தெரிந்த டெஸ்ட்-2

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று காலை ஆபீசில் என் நாத்தனார் தனக்கு வந்த மெயிலைக் காட்டியபோது இரண்டு காதும் கொதித்தன. முடித்துவிட்டதாக அவள் சொன்ன வேலையை அவள் செய்யவே இல்லையாம். அதனால் ஒரு மருத்துவமனை லிஃப்ட்டில் கதவு மூடி, ஒரு வயதான அம்மாவின் மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். மதியம் விசாரணை. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று பெரிய மனது பண்ணியிருந்தார்கள்.

எங்கள் கம்பெனி லிஃப்ட்டுகளுக்கு மென்பொருள் எழுதுகிறது. லிஃப்ட்டுக்குள் மாடி எண்ணைக் காட்டுமே ஒரு சின்னத் திரை, அந்தப் பிரிவில் நான் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். நாத்தனார் கதவுப் பிரிவில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. புருஷனோடு ஒத்துவராமல் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு அம்மாவும் மகளும் படுக்கிறார்கள். வேலை நிரந்தரமானால் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கும். பார்த்தும் வைத்துவிட்டாள். வேலை போனால் அந்த வீடும் போச்சு. "எத்தனை நாள் வேணும்னாலும் இரும்மா" என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், சொல்லும்போதெல்லாம் அவள் முகம் சுண்டிப்போகும். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அண்ணன் வீட்டில் குழம்புக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லக்கூட ஒருத்தி யோசிக்க வேண்டியிருக்கிறதே.

"நான் செஞ்சேன் அண்ணி. கைத்தடி மாதிரி ஒல்லியா ஏதாவது குறுக்க வந்தா கதவு திரும்பத் திறக்கணும். அதைத்தான் சரி பண்ணினேன். ஓட்டியும் பார்த்தேன்."

"தள்ளு. நான் பார்க்கறேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுதுகிற நிரலையெல்லாம் நாங்கள் ஒரே இடத்தில் சேமித்து வைப்போம். அதற்குள் பல கிளைகள் இருக்கும். ஒரே நிரலின் வெவ்வேறு பிரதிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் வந்து திறந்தால், எதையும் கேட்காமலே ஒரு கிளை தானாக முன்னால் வந்து நிற்கும். கதவுப் பிரிவில் அப்படி வந்து நின்ற கிளையின் பெயர் மெயின். அவள் செய்த திருத்தம் அதற்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. என்ன மாற்றினாள், ஏன் மாற்றினாள் என்று குறிப்பும் எழுதியிருந்தாள். என் பிரிவில் யாராவது இப்படி வேலை செய்தால் நான் சுற்றிப்போடுவேன்.

பிறகு ஏன் கை முறிந்தது? பக்கத்து மேஜையில் இருந்த தாடிக்காரனைக் கேட்டேன். அவன் அந்தப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

"மெயின்லயா போட்டாங்க?" என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அது செத்துப்போய் ரொம்ப வருஷம் ஆச்சுக்கா. லிஃப்ட்டுக்குப் போறது எல்லாம் டெஸ்ட்-2லேர்ந்துதான்."

"டெஸ்ட்-2ன்னா சும்மா முயற்சி பண்ணிப் பார்க்கற கிளைன்னுதானே அர்த்தம்?"

"ஆரம்பத்துல அப்படித்தான். மாப்பிள்ளை ஏதோ முயற்சி பண்ணினார், நல்லா வந்துச்சு, அப்படியே ஓடிட்டு இருக்கு. இது எல்லாருக்கும் தெரியும்க்கா."

"இவளுக்குத் தெரியலையே. எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"எழுதல்லாம் இல்ல. டீக்குப் போறப்ப புதுசா வந்தவங்ககிட்ட மாப்பிள்ளை சொல்லிடுவார்."

மாப்பிள்ளை என்பது கதவுப் பிரிவின் தலைவர். நாலு பேர் புடைசூழத்தான் ஆபீசுக்குள் நுழைவார் என்பதால் அந்தப் பெயர். அந்த நாலு பேரும் அவரும் தினமும் கீழே தெருமுனைக் கடையில் நின்று டீ குடிப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள். பிரிவின் முடிவுகள் எல்லாம் அங்கேதான் நடக்கும். நாத்தனாரை ஒருநாள்கூட அவர்கள் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த நேரத்தில்தான் அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளிடம் போனில் பேசுவாள். ஒரு லிஃப்ட் கதவு யார் கையை நசுக்கும், யார் கையை விடும் என்பது புகைக்கு நடுவில் சொல்லப்படுகிற ரகசியம். இதற்குப் பெயர் பொறியியலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கடையைப் பெயர்த்துக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் மேஜைமேல் வைக்கலாம் போலிருந்தது.

"பேரை மாத்துங்கன்னு நானே பல தடவை சொல்லிட்டேன்க்கா" என்றான் தாடிக்காரன். "அது பெரிய வேலை, ஓடறதுல கையை வைக்காதன்னு வாயை அடைச்சுட்டார்."

இன்னும் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் ஆபீசில் யார் எந்தத் திருத்தம் செய்தாலும் பிரிவுத் தலைவர் பார்த்துச் சம்மதம் கொடுத்தால்தான் அது உள்ளே போகும். இவளுடைய திருத்தத்துக்கும் சம்மதம் இருந்தது. கொடுத்தவர் சாட்சாத் மாப்பிள்ளை.

மதியம் கூட்ட அறையில் முதலாளியம்மா, மாப்பிள்ளை, நாங்கள் இருவர். மாப்பிள்ளை பேச்சில் தேன் ஒழுகியது.

"திறமை இருக்கு மேடம். கவனம்தான் இல்ல. எந்தக் கிளைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"எதுக்குக் கேக்கணும்?" என்றேன். "வாசல்னு போர்டு மாட்டி, பின்னாடி சுவர் கட்டி வச்சிருக்கீங்க. உள்ள வர்றவங்க, இது வாசலா சுவரான்னு உங்ககிட்ட கேட்டுட்டா வரணும்?"

"நீங்க வேற பிரிவு. உங்களுக்கு இது புரியாது."

"சம்மதம் கொடுத்தது நீங்கதானே. அது புரியுது. மெயின்னு போட்டிருந்ததை நீங்க பார்க்கலையா?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாளைக்கு எத்தனையோ வருது. ஒவ்வொண்ணுலயும் கிளைப் பேரைப் படிச்சுட்டு இருக்க முடியுமா?"

அவர் படிக்கமாட்டாராம். இவள் படித்தாளே, அதுதான் தப்பாம்.

முதலாளியம்மா சண்டையை விரும்பாதவர். ஒரு தாளை நாத்தனார் பக்கம் நகர்த்தினார். "கேட்டுத் தெரிஞ்சுக்காதது என் தவறு. இவ்வளவுதான் எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுடும்மா. வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

நாத்தனார் பேனாவை எடுத்தாள்.

"போட்டேன்னு வை, அப்புறம் நான் உன்கூடப் பேசமாட்டேன்" என்றேன். அவர்கள் முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு வீடு வேணும் அண்ணி" என்றாள் மெல்ல.

முதலாளியம்மா மாப்பிள்ளையிடம் திரும்பினார். "அடுத்து ஒருத்தர் புதுசா வந்தா இதேதானே நடக்கும்? பேரை மாத்த எவ்வளவு நாள் ஆகும்?"

"அது பெரிய வேலை மேடம். நேரம் பார்த்துத்தான் செய்யணும். எல்லாரோட வேலையும் நின்னுடும்."

"நிக்கட்டும். நான் பார்க்கணும். இப்பவே மாத்துங்க."

மாப்பிள்ளை மடிக்கணினியைத் திறந்தார். செத்த கிளைக்குப் பழையது என்று பெயர் வைத்தார். டெஸ்ட்-2க்கு மெயின் என்று பெயர் வைத்து, திறந்தவுடன் அது வந்து நிற்கும்படி செய்தார். லிஃப்ட்டுக்கு அனுப்பும் மெஷினுக்கு அந்தப் பெயரைச் சொன்னார். கடைசியில் நாத்தனாரின் திருத்தத்தையும் அதற்குள் கொண்டுவந்து சேர்த்தார். வெளியே கதவுப் பிரிவில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் ஓடிவந்து ஐயோ நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. ஒருவன் கொட்டாவி விட்டது கண்ணாடிச் சுவர் வழியாகத் தெரிந்தது.

"முடிஞ்சுது மேடம்" என்றார்.

நாத்தனார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா சார்?"

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். அவ்வளவுதானா?"

அவள் குரல் உயரவே இல்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அது அழுகை இல்லை, என்னுடையதைவிடப் பெரிய கோபம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நான் கையெழுத்துப் போடறேன் மேடம்" என்றாள். "கேக்காதது தப்புன்னு எழுதியிருக்கீங்க, சரி. எனக்கு வேலை வேணும். ஆனா இந்தத் தாளை ஆஸ்பத்திரில இருக்கற, கை முறிஞ்ச அந்த அம்மாகிட்ட நான் கொண்டுபோய்க் காட்டுவேன். சாரும் கூட வரணும். இந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கிட்டு வரணும். இப்ப நம்ம முன்னாடி செஞ்சாரே, அதையே அவங்க கட்டில் பக்கத்துல உக்காந்து மறுபடி செஞ்சு காட்டணும். அது எவ்வளவு பெரிய வேலைன்னு அவங்களும் பார்க்கட்டும்."

மாப்பிள்ளை முதலாளியம்மாவைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு யாராவது புத்தி சொல்லுங்களேன் என்கிற பார்வை. முதலாளியம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து இரண்டாகக் கிழித்தார். பிறகு போனை எடுத்து டிரைவரை வண்டி எடுக்கச் சொன்னார்.

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு அசையவில்லை. நாத்தனார் அவர் மடிக்கணினியை மூடி, எடுத்துக்கொண்டு, வாசலருகே போய் நின்றாள்.

"வாங்க சார்" என்றாள்.