இசக்கிமுத்துவுக்கு அரைப்பேர்

காரக்கொல்லி எஸ்டேட் டீமிலிருந்து இசக்கிமுத்துவை விட்டுவிட்டார்கள் என்ற செய்தி எங்கள் மஞ்சமூலை எஸ்டேட்டுக்கு வந்தபோது நான் தேயிலைக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடம் ஆடியவருக்கு ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம், "இனி ஓய்வெடுங்க" என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான். நாற்பத்து மூன்று வயது, வலது முழங்காலில் எந்நேரமும் ஒரு பச்சைத் துணிக்கட்டு. எனக்கு வருத்தமே இல்லை. சொல்லப்போனால் உள்ளூர ஒரு சந்தோஷம். மறுநாள் எங்கள் கேப்டன் பாண்டியராஜ் அண்ணன் வந்து, "பாலா, அந்தாளை நாம எடுத்துக்கலாமான்னு சாயந்தரம் பேசோணும், வந்துரு" என்று சொல்லும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

நான் பாலமுருகன். வேலை, கொழுந்து நிறுப்பது. டீமில் முன்வரிசை ஆட்டக்காரன். வருடா வருடம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி எங்களுக்கும் காரக்கொல்லிக்கும் ஃபுட்பால் மேட்ச் நடக்கும். போன வருடம் கோல் காக்கிற அவர்களுடைய கோலி கீழே விழுந்து கிடக்க, காலி கோலுக்கு முன்னால் நான்கடி தூரத்தில் நின்றுகொண்டு பந்தைத் தேயிலைக்குள் அடித்தவன் நான்தான். அதைத் தேடி எடுக்கவே பத்து நிமிடம் ஆனது. அன்றிலிருந்து எஸ்டேட்டில் யார் எதைத் தொலைத்தாலும் "பாலா அடிச்சுட்டானா?" என்று கேட்கிறார்கள். வீட்டுச் சாவியைக் காணோம் என்றால் என் மனைவி செல்வியே அப்படித்தான் கேட்கிறாள். அதை நான் இந்த வருடம் துடைத்தாக வேண்டும். துடைக்க வேண்டுமென்றால் ஆட வேண்டும். இசக்கிமுத்து வந்தால் வெளியே உட்காரப்போகிறவன் நான்.

அவர் ஒன்றும் பெரிய கோலடிக்கும் வீரரும் இல்லை. பதினைந்து வருடத்தில் நாலு கோல் அடித்திருந்தால் அதிகம். அவருடைய வேலையே வேறு. எதிர் டீம் ஆள் காலில் பந்து இருந்தால் நேராக அவன் மேல் பாய்வார். பாயும்போது "வாறேன்டா!" என்று ஒரு சத்தம். பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பேச்சு அவர் நாக்கில் அப்படியே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் பந்து வைத்திருப்பவன் அதை எங்கேயாவது தள்ளிவிட்டுத் தப்பிக்கத்தான் பார்ப்பான்.

சாயந்தரம் கொழுந்து ஷெட்டில் கூட்டம். நான்தான் முதலில் எழுந்தேன்.

"முழங்கால் போச்சுங்க. அந்தாளு ஓடறப்ப சத்தம் வாயில இருந்து வருதா, மூட்டுல இருந்து வருதான்னே தெரியறதில்ல."

"எங்கிருந்து வந்தா என்ன? பந்து நம்மகிட்ட வருதில்ல?" என்றார் பாண்டியராஜ் அண்ணன்.

"அவிங்களே வேண்டாம்னு கழிச்சுப்போட்டதை நாம எதுக்குங்க தூக்கோணும்?"

"உங்க ஊட்டு மிக்சி காரக்கொல்லில வாங்குன பழைய மிக்சிதான? அரைக்குதா இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மிக்சி விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஒரே எரிச்சல். அவர் விடவில்லை. "காரக்கொல்லிக்காரனுக அத்தனை பேரும் தினம் சாயந்தரம் இவருகிட்ட மிதிபட்டு பிராக்டீஸ் பண்ணவனுக. அந்தச் சத்தம் கேட்டா தூக்கத்துலகூடப் பந்தை விட்டுருவானுக" என்றார். பிறகு ஓட்டெடுப்பு. வேண்டாம் என்பதற்கு நான் இரண்டு கையையும் தூக்கினேன், ஒன்றைத்தான் எண்ணினார்கள். ஆறுக்கு ஐந்தில் இசக்கிமுத்து எங்கள் ஆளானார்.

ஆனால் ஆளாக்குவது அவ்வளவு சுலபமில்லை. எங்கோ இருந்து ஐந்து பந்தாட்டக்காரர்களைக் கூட்டிவந்து "புது வாட்ச்மேன்" என்று ஒரு வருடம் காரக்கொல்லி இறக்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு எஸ்டேட்டும் உட்கார்ந்து ஒரு ரூல் போட்டன. ஆடுகிறவனுக்கு மேட்சுக்கு முன்னால் அந்த எஸ்டேட்டில் பன்னிரண்டு முழுப்பேர் இருக்க வேண்டும். பேர் என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து எடுப்பவர்கள் இருபத்தைந்து கிலோ எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஃபாக்டரியில் ஆள் தேவையில்லை. கொழுந்தெடுக்க மட்டும்தான் இடம் இருந்தது. ஆடுகிறவர்களின் லிஸ்ட் கொடுக்க மீதமிருந்ததும் சரியாகப் பன்னிரண்டு வேலை நாள்.

அதாவது ஒரு நாள் சறுக்கினாலும் அவர் ஆட முடியாது. முழுப்பேரா அரைப்பேரா என்று தராசு பார்த்து எழுதுவது நான். கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு சூப்பர்வைசர் ஆயம்மாள் அக்கா. அவரிடம் போய், "ஆள் புதுசுங்க்கா, ஏழாம் நம்பர் காட்டுல விடுங்க, அங்க கூட்டம் கம்மி" என்று நல்லவன்போல் சொன்னேன். ஏழாம் நம்பர், எஸ்டேட்டிலேயே செங்குத்தான தேயிலைக் காடு. அங்கே ஆடுகூட யோசித்துத்தான் ஏறும். ஆயம்மாள் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படிங்களா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் நாள் இசக்கிமுத்து தேயிலைச் செடியை எதிர் டீம் ஆளாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கொழுந்து, முற்றிய இலை, குச்சி என்று கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கினார். மத்தியானம் வரை ஒன்பது கிலோ. எனக்குப் பாட்டு வந்தது. சாயந்தரம் அவர் மூட்டை தராசில் ஏறியபோது முள் இருபத்தைந்தரையில் நின்றது. நம்பாமல் இறக்கி மறுபடி ஏற்றினேன். இருபத்தைந்தரையேதான். திரும்பிப் பார்த்தால் பெண்கள் எல்லோரும் ஆகாயத்தில் எதையோ சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவர் பையில் போட்டிருக்கிறார்கள். முதல் பிடி, அவர்களோடு கொழுந்தெடுக்கும் செல்வி போட்டது. பெண்டாட்டி கொழுந்து போட்ட பையைச் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகும் தைரியம் எனக்கில்லை. முழுப்பேர் எழுதினேன்.

ஐந்தாம் நாளிலிருந்து அவருக்கு யார் பிடியும் தேவைப்படவில்லை. கை பழகிவிட்டது. பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்து மெதுவாக இறங்கும்போது, இவர் மூட்டையை வைத்துவிட்டு வெறுங்கையோடு மேட்டில் ஓடுவார், இறங்குவார், மறுபடி ஓடுவார். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. முழங்காலை உடைக்கும் என்று நான் தேடிக் கொடுத்த மேடு அவரைத் தேற்றிவிட்டது.

"தம்பி, நல்ல காடு பாத்துக் குடுத்திருக்கீங்க. காரக்கொல்லில டீமை விட்டு எடுத்ததோட வேலையும் போயிட்டுது. இந்தப் பன்னெண்டு நாள் இல்லாட்டி நான் என்ன செய்வன்?" என்றார் ஒருநாள். நான் தராசைத் துடைத்தேன்.

பதினோரு நாள், பதினோரு முழுப்பேர். பன்னிரண்டாம் நாள் விடியலிலிருந்து மழை. மழை நாளில் இலையோடு தண்ணீரும் தராசில் ஏறும் என்பதால் மூட்டைக்கு ஒரு கிலோ கழிப்பேன். இரண்டு வரை கழிக்கலாம் என்று ரூல். ஆறு வருடத்தில் யாருக்கும் நான் இரண்டு கழித்ததில்லை.

இசக்கிமுத்துவின் மூட்டை இருபத்தாறரை.

கை தானாக எழுதியது என்று சொல்லலாம். பொய். நன்றாக யோசித்து, காலி கோலையும் தேயிலையையும் அந்தப் பத்து நிமிடத்தையும் நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். "ஈரத்துக்கு ரெண்டு. இருபத்தி நாலரை. அரைப்பேர்" என்று சத்தமாகவும் வாசித்தேன். தகரத்தில் மழை விழும் சத்தம்தான்.

"பரவாயில்ல தம்பி. தராசு சொன்னாச் சரிதான்" என்றார் அவர். தராசு சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

வீட்டில் செல்வி டீ கொடுத்தாள். அரை டம்ளர்.

"மீதி எங்க?"

"ஈரத்துக்குக் கழிச்சுட்டனுங்க."

ராத்திரி அரைத் தட்டுச் சோறு, காலையில் பாதியாகப் பிய்த்த தோசை. வெட்கமாக இருந்தது. அதைத் திருத்தச் சொல்லலாமென்று எழுந்து ஆபீசுக்குப் போனேன். லிஸ்ட் ஏற்கனவே கையெழுத்தாகிக் காரக்கொல்லிக்குப் போய்விட்டது என்றார்கள். கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாம். நான் வேகமாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேட்ச் அன்று மைதானம் முழுக்கச் சேறு. பாண்டியராஜ் அண்ணன் லிஸ்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பதினொண்ணரை" என்றார். இசக்கிமுத்து போட்டிருந்த ஜெர்சியைக் கழற்றி, மடித்து, என்னிடம் கொடுத்தார். எறிந்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். "மண் வழுக்கும் தம்பி, பாத்து" என்று சொல்லிவிட்டு, காரக்கொல்லி கோலுக்குப் பக்கத்து மேட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த எங்கள் கொழுந்தெடுக்கும் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்திரண்டு பேரும் வழுக்கி விழுந்தோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாக விழுந்தேன். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போதும் கோல் இல்லை. பந்து காரக்கொல்லியின் பின்வரிசை ஆள் ரெனிஷ் காலில் இருந்தது. பக்கத்தில் யாருமில்லை. நிதானமாக நிமிர்ந்து யாருக்குத் தள்ளலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது மேட்டிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

"வாறேன்டா!"

பாவம், அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து, மேட்டிலிருந்து இறங்கி, முழங்கால் கட்டோடு ஓடிவந்து, சுண்ணாம்புக் கோட்டில் கால்விரல் படாமல் சரியாக வெளியே நின்றார். ரெனிஷுக்கு அதெல்லாம் தெரியவில்லை. அத்தனை வருடப் பழக்கம், திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைத் தன் கோலியிடம் தள்ளினான். பந்து கோலுக்குக் கொஞ்சம் முன்னால் தேங்கிய தண்ணீரில் நின்றது. எடுக்க ஓடிவந்த கோலி வழுக்கி உட்கார்ந்தான். பந்துக்குப் பக்கத்தில் இருந்தவன் நான்.

காலி கோல். நான்கடி.

போன வருடத் தேயிலைச் செடி ஒவ்வொன்றும் என் கண்முன் வந்தது. அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. முழங்காலால் பந்தை நெட்டிக்கொண்டு, தவழாத குறையாக, பந்தும் நானும் சேர்ந்தே வலைக்குள் போய் விழுந்தோம்.

"சேட்டா, இது செரியல்ல கேட்டோ!" என்று ரெனிஷ் மலையாளத்தில் கத்தினான். கோட்டுக்கு வெளியே நின்று யார் வேண்டுமானாலும் கத்தலாம் என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார்.

வலையில் சிக்கிய காலை விடுவித்துக்கொண்டு, என்னைத் தூக்கப் போகிறார்கள் என்று இரண்டு கையையும் விரித்தபடி திரும்பினேன். மொத்த டீமும் என்னைத் தாண்டி ஓடியது. இசக்கிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். குடைகளெல்லாம் மேலே பறந்தன. ஆயம்மாள் அக்கா மட்டும் என்னிடம் வந்து நின்று, "கண்ணு, உனக்கும் பேர் உண்டு. அரைப்பேரு" என்றார். செல்வி சிரித்த சிரிப்பு காரக்கொல்லி வரை கேட்டிருக்கும்.

கூட்டம் கலைந்தபிறகு இசக்கிமுத்துவிடம் போனேன். "அண்ணே, அன்னைக்கு ஒரு கிலோதான் கழிச்சிருக்கோணும்" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கோல் போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"தெரியும் தம்பி" என்றார். "பதினஞ்சு வருசமா என்னைப் பாத்துப் பயந்த மூஞ்சிகளப் பாத்திருக்கன். தராசுகிட்ட நின்ன மூஞ்சியும் அதுதான்."

மறுநாள் காலை ஷெட்டுக்குப் போனால் நான் எடை எழுதும் கரும்பலகையில் யாரோ சாக்பீசால் எழுதி வைத்திருந்தார்கள். மஞ்சமூலை ஒன்று, காரக்கொல்லி பூஜ்யம். கோல்: இசக்கிமுத்து அரை, பாலமுருகன் அரை. கையெழுத்து செல்வியுடையது. அழிக்கத் துணியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் இசக்கிமுத்து. மேட்ச் முடிந்தும் அவரை வேலையில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஆயம்மாள் அக்கா ஆபீசில் பேசியிருந்தார். முள் சரியாக இருபத்தாறில் நின்றது. பெண்கள் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

பலகையில் அந்த இரண்டு அரைகளுக்குக் கீழே, ஈரத்துக்கு ஒன்று கழித்து, முழுப்பேர் என்று எழுதினேன்.