அஞ்சலா எழுதாமல் விட்ட வரி

கரம்பொன் கிராமத்து வீட்டில் காலை எட்டு மணிக்கே அஞ்சலா கணினியைத் திறந்தாள். மீன்பிடி வள்ளங்களில் பொருத்தும் அபாய அழைப்புக் கருவிக்கு அவளும் டெனிஸ்ரனும் எழுதிய புரோகிராமைச் சோதனைக்காரர் நேற்றுக் காலை திருப்பி அனுப்பியிருந்தார்கள். புரோகிராம் தற்காலிகத் தரவுகளைப் போட்டெடுக்கும் ஸ்ராக் நினைவகத்தில் எழுதலாம், வாசிக்கலாம். அங்கிருந்து கட்டளை எதுவும் ஓடக் கூடாது. இவர்களுடையதில் அதற்கும் அனுமதி கிடந்தது. கள்ளனுக்குப் படலையைத் திறந்து வைத்த மாதிரி.

"டெனிஸ்ரன் அண்ணையின்ர பகுதியிலதான் இருக்கும்" என்று நேற்று மத்தியானம் முகாமையாளர் மிரோஜனிடம் யோசியாமல் சொல்லிவிட்டாள். டெனிஸ்ரன் வேலணைக்காரர், கடற்றொழிலை விட்டு முப்பத்தைந்து வயதில் படித்து வந்தவர். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேறு யார் பிழை விடப்போகிறார்கள்! இன்று பதினொரு மணிக்குக் கூட்டம். அவரை வேலையிலிருந்து நிறுத்தத்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அவருடைய ஏழும் சுத்தம். இருப்புக் கொள்ளவில்லை. குசினிக்குப் போனாள், தேத்தண்ணி ஊற்றாமலே திரும்பினாள். அவளுடையவற்றில் கடைசியாக மிஞ்சியது, வேகத்துக்காக அசெம்பிளி மொழியில் கையால் எழுதிய சின்னக் கோப்பு. அப்படிக் கையால் எழுதினால், ஸ்ராக்கில் எதையும் ஓட்டத் தேவையில்லை என்று ஒரு வரி போட வேண்டும். போடாவிட்டால் முழுப் புரோகிராமுக்கும் அனுமதி திறந்துவிடும். அந்த வரி இல்லை.

 கோப்பைத் தொடாமல், முடிந்த புரோகிராமிலேயே அந்த அனுமதியை ஒரே கட்டளையால் அழிக்கலாம். சோதனையில் தேறிவிடும், பிழை யாருடையது என்று ஒருத்தரும் தேட மாட்டார்கள். டெனிஸ்ரன் போவார், அவ்வளவுதான். கட்டளையைப் பாதி அடித்தும்விட்டாள். தன்னை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பத்தரைக்கு அந்தப் பாதிக் கட்டளையை அழித்துவிட்டு, விடுபட்ட வரியைத் தன் பெயரிலேயே சேர்த்தாள். திரும்பச் சோதித்தாள், வாசிக்க, எழுத மட்டுமே அனுமதி. உடனே மிரோஜனை அழைத்தாள்.

"பிழை என்னில. டெனிஸ்ரன் அண்ணையில ஒண்டும் இல்லை. தயவுசெய்து அவரை நிப்பாட்டாதேங்கோ."

"ஓம், தெரியும்" என்றான் மிரோஜன். "நேற்றுப் பின்னேரமே அவர் உம்மட கோப்பை எனக்குச் சோதிச்சுக் காட்டினவர். அவவே வந்து சொல்லுவா, பதினொரு மணி வரைக்கும் பொறுங்கோ எண்டு கெஞ்சினவர்."

அவள் திரையில் திறந்திருந்த கோப்பை மூடினாள்.

"அஞ்சலா, கூட்டம் அவரைப் பற்றி இல்லை. உம்மை நிப்பாட்டுறதோ எண்டதைப் பற்றித்தான்."