கரும்பலகையில் இல்லாத பெயர்

போன வருஷம் பிப்ரவரி கடைசி ஞாயிறு மதியம், என் கஃபேயின் கரும்பலகையில் தொண்ணூற்றாறு பெயர்களை என் கையால் எழுதினேன். அதில் என் மகன் பெயர் இல்லை. எழுதி முடித்து, சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, எட்டுப் பேருக்கும் பீர் ஊற்றிக் கொடுக்கப் போய்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் ஊரில் சைக்கிள் பந்தயம் பார்க்காதவன் கிடையாது. வசந்த காலப் பந்தயங்கள் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு இந்த எட்டுத் தடியன்களும் என் கடையில் கூடுவார்கள். சீட்டுக் குலுக்கி வரிசை போட்டு, ஆளுக்கு ஒரு வீரனாகப் பெயர் சொல்லிச் சொல்லி, பன்னிரண்டு பேர் கொண்ட கற்பனை அணி கட்டுவார்கள். ஒருவன் சொன்ன பெயரை இன்னொருவன் சொல்லக் கூடாது. கடைசி மூன்று சுற்றும் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட இளசுகளுக்கு மட்டும். நிஜப் பந்தயத்தில் அவர்கள் எடுக்கும் இடத்தைப் பொறுத்து இங்கே புள்ளி. அக்டோபரில் முதலாவதாக வருபவனுக்கு இறைச்சிக் கடை ஓமேர் ஒரு முழுப் பன்றித் தொடை தருவான். அந்தத் தொடைக்காகவே இத்தனை சண்டை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சண்டையெல்லாம் இளசுகளுக்காகத்தான். பெரிய வீரனை யாரும் எடுத்துவிடலாம், பேர் தெரியாத பையனை முதலில் கண்டுபிடித்தவன்தான் இங்கே மனுஷன்.

அதில் என் புருஷன் லீவனை அடிக்க ஆள் இல்லை. வாரம் முழுக்க பஸ் ஓட்டுவார், ஞாயிறானால் மழையிலும் மண்ணிலும் நின்று சின்னப் பையன்களின் பந்தயம் பார்ப்பார். பையன் மேடு ஏறும்போது தோள் ஆடுகிறதா என்று பார்த்தே இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வருஷத்தில் அவர் சொல்லித் தப்பியது இரண்டோ மூன்றோதான். அதனால் அவர் சொன்னால் கஃபேயில் மறுபேச்சு கிடையாது. வீட்டிலும் கிடையாது.

போன வருஷம்தான் எங்கள் லாண்டர் ஒரு சின்ன அணியில் தொழில்முறை வீரனாகச் சேர்ந்திருந்தான். இருபத்தோரு வயசு, ஒரு வருஷ ஒப்பந்தம். ஏதாவது செய்து காட்டினால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க விடியற்காலையில் கிளம்பி, கல்பாவிய சாலையில் குலுங்கிக் குலுங்கி, கையெல்லாம் கொப்புளமாகத் திரும்புவான். ஆனால் சாப்பாட்டு மேஜையில் அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "இந்த வருஷம் போர்டுல நானும் இருப்பேன்ல? யாரு எடுப்பாங்கன்னு நினைக்கிற?" சின்னப் பிள்ளையில் அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் அவன் வீட்டுப்பாடம் எழுதினான்.

அன்றைக்கு லீவனுக்கு ஏழாவது சீட்டு, ஓமேருக்கு எட்டாவது. இளசுகள் சுற்று தொடங்கியது. டென்மார்க் பையன், ஸ்லோவேனியப் பையன், யாரோ பக்கத்து ஜில்லாப் பையன். லாண்டரை யாரும் சொல்லவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஊர்க்காரன் பிள்ளை பந்தயம் ஓடினால் அவனை அப்பனுக்கென்று விட்டுவைப்பது இங்கே எழுதாத மரியாதை. கடைசிச் சுற்றில் லீவன் முறை வந்தது. நான் சாக்பீஸைப் பலகையில் வைத்து 'லா' எழுதத் தயாராக நின்றேன். அவர் ஓமேரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு போர்ச்சுகல் பையன் பெயரைச் சொன்னார்.

ஓமேர் திகைத்துப் போய்த் தலையைச் சொறிந்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவனும் ஒரு பிரெஞ்சுப் பையனைச் சொன்னான். எழுதினேன். முடிந்தது.

பிறகுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஓமேர் நினைத்தது: பெத்த அப்பனே விடறான்னா, பையனுக்கு முழங்கால்ல ஏதோ இருக்கு. லீவன் நினைத்தது வேறு. அன்று சாயங்காலம் அடுப்படியில் என்னிடம் சொன்னார். "நான் சொன்னா பெத்த பாசம்னுவானுங்க. குளிர்காலம் பூரா அவனைப் புகழ்ந்தவன் ஓமேர்தானே, அவன் வாயால வரட்டும்னு விட்டேன். வேற ஒருத்தன் என் பையன் பேரைச் சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு ஃப்ரீடா."

முப்பது வருஷமாக நீங்க, வாங்க என்றே பேசி வந்த நான் அன்றைக்குத்தான் "என்ன மனுஷன்யா நீ" என்றேன்.

ஆனால் அதற்குள் லாண்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். பயிற்சி முடிந்து, முகமெல்லாம் சேறு, ஹெல்மெட்கூடக் கழற்றாமல் நேரே பலகைக்கு வந்தான். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். மற்றவர்களுக்கும் அப்போதுதான் என்ன நடந்திருக்கிறது என்று உறைத்தது.

"என்னம்மா, சாக்பீஸ் தீந்துபோச்சா?" என்றான் சிரித்துக்கொண்டே.

ஓமேர் பதறி எழுந்தான். "டேய், என் கடைசிப் பயலை அழிச்சுட்டு உன்னைப் போட்டுக்கறேன்டா. ஃப்ரீடா, அழி."

"வேணாம் மாமா. பாவம், அந்தப் பிரெஞ்சுக்காரன் என்ன பண்ணான்?" என்றான். எல்லோரும் சத்தமாகச் சிரித்தார்கள். லீவன் மட்டும் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம். நானும் திறந்திருக்கலாம்.

ஏப்ரலில் எங்கள் ஊர் வழியாக ஒரு பந்தயம் போனது. தேவாலயத்துக்குப் பக்கத்து மேட்டின் அடியில், யாரும் இடிக்கவில்லை, டயர் வெடிக்கவில்லை, லாண்டர் இறங்கினான். சைக்கிளைச் சுவரில் சாத்தினான். முதுகில் குத்தியிருந்த எண் தாளைக் கழற்றி நான்காக மடித்தான். பின்வாசல் வழியாக வந்து குளித்துவிட்டு, கடுகு விழுது தடவிப் பாலாடைக்கட்டி இரண்டு துண்டு தின்றான். "போதும்மா" என்றான். பாலாடைக்கட்டியைச் சொல்கிறானாக்கும் என்று நினைத்தேன்.

இப்போது கடற்கரைத் துறைமுகத்தில் ஒரு மீன் கிடங்கில் வேலை. வீட்டுக்கு வருவதில்லை. நான்தான் போன் செய்வேன். ஒருமுறை நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்பா உன்னை வேண்டாம் என்று விடவில்லை, ஓமேர் வாயால் கேட்க ஆசைப்பட்டுத்தான் விட்டார் என்று. பொறுமையாகக் கேட்டான்.

"நீ நல்லதுக்குச் சொல்றம்மா. ஆனா அப்பா பார்த்தா தப்பாப் பார்க்க மாட்டார். எனக்குத் தெரியாதா?"

பதினெட்டு வருஷமாக அந்தக் கண்ணைப் பற்றிப் பெருமை பேசியே பிள்ளையை வளர்த்திருக்கிறோம்.

இந்த வருஷம் பிப்ரவரியில் லீவன் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தார். சீட்டுக் குலுக்கினார்கள், முதல் சீட்டு அவருக்கே விழுந்தது. எல்லோரும் ஆசைப்படும் அந்தப் பெரிய வீரனைத்தான் சொல்லப்போகிறார் என்று தபால்காரன் கீடோ பொறாமையில் பெருமூச்சு விட்டான்.

"லாண்டர்" என்றார் லீவன்.

கீடோ மெதுவாகச் சொன்னான். "லீவன், அவன் இப்ப எந்த அணியிலயும் இல்லையேப்பா."

"எனக்குத் தெரியும். எழுது ஃப்ரீடா."

எழுதினேன். முதல் வரிசை, முதல் பெயர், வாசல் பக்கம். எழுத்து கோணிப்போனது. யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே லாண்டருக்குப் போன் செய்து சொன்னேன். பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா தோத்துடுவாரேம்மா."

"ஆமாடா."

"தொடை கிடைக்காது."

"கிடைக்காதுதான்."

"மாத்தச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் லீவனிடம் சொல்லவில்லை.

வாராவாரம் புள்ளி எழுதுகிறேன். ஒவ்வொரு பெயராகக் கீடோ வாசிப்பான். லாண்டர் பெயர் வரும்போது மட்டும் அவன் நிறுத்திக்கொள்வான், லீவனே "சைபர்" என்பார், நான் போடுவேன். ஏப்ரலில் ஆளுக்கு ஒரு வீரனை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. போன ஞாயிறு கீடோ அதற்கான துண்டுச் சீட்டை எல்லோருக்கும் கொடுத்தான். லீவன் அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார்.

வாசல் பக்கத்து முதல் வரிசையில், போகிறவர்கள் வருகிறவர்கள் கோட்டு உரசி, இரண்டு மாதத்தில் பாதிப் பெயர்கள் மங்கிவிட்டன. லாண்டர் பெயர் மட்டும் நேற்று எழுதியது போல் இருக்கிறது. வாசலுக்கு ஆகக் கிட்டத்தில் இருப்பதும் அதுதான். ஈரம் படாத இடம் போலிருக்கிறது என்று நானாக ஒரு காரணம் வைத்திருந்தேன். இன்று காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது லீவன் மேஜையில் கையூன்றிக் காபி குடித்தார். அவருடைய நீல யூனிஃபார்ம் கைமுனையில் சாக்பீஸ் தூள். தட்டிவிடக் கையை நீட்டினேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.