பிய்க்க வராத மஞ்சள் சீட்டு

கேஸ் கீசர் விற்கிற அந்தக் கம்பெனியில் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் கட்டம் கட்டமாக வாரங்கள். கம்பெனியின் வலைப்பூவில் எந்த நாள் எந்தப் பதிவு வர வேண்டும் என்று சீட்டில் எழுதி ஒட்டுவது அவள் வேலை. மேனேஜர் பார்ப்பார், தலையாட்டுவார். ஒரே ஒரு மஞ்சள் சீட்டு மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

‘குளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.’ அவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது.

போன குளிர்காலத்தில் அவளுடைய அக்கா ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு குளித்தாள். கீசர் கக்கிய விஷக்காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே மயங்கி விழுந்தாள். கதவை உடைத்துத் தூக்கி வந்தது இவள்தான். அக்கா பிழைத்தது மறுபிறப்பு.

அதனால்தான் குளிர் தொடங்கும் வாரத்தில் அந்தச் சீட்டை ஒட்டினாள். மேனேஜர் பிய்த்து அடுத்த வாரத்துக்கு மாற்றினார். பிறகு அதற்கும் அடுத்த வாரம். ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயரே ‘அடுத்தவாரம்’தான். பசையெல்லாம் போய், கடைசியில் சீட்டு கோடைக்காலக் கட்டத்தில் தொங்கியது.

“கோடையில யாரு சார் வெந்நீர்ல குளிப்பாங்க?”

“அதனாலதாம்மா அங்க வச்சேன். சீசன்ல பயமுறுத்தினா எவன் வாங்குவான்?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யலாம் என்கிறார் மனுஷன்!

“ஜன்னலைத் தெறங்கன்னு சொல்றது பயமுறுத்துறதா சார்?”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

வேணும்தான். வீடு அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. வாயை மூடிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். ஆனால் மனசு மூடவில்லை.

மறுநாள் பார்சல் ஒட்டுகிற டேப்போடு வந்தாள். குளிர் இன்னும் விடவில்லை; அன்றைய கட்டத்தில் ‘அழகான குளியலறைக்கு ஐந்து வண்ணங்கள்’ என்று ஒரு சீட்டு சிரித்துக்கொண்டிருந்தது. அதன் தலைமேலேயே மஞ்சள் சீட்டை வைத்து, நாலு பக்கமும் டேப் போட்டுத் தேய்த்தாள். உட்கார்ந்தாள். ஜன்னல் பதிவை வலைப்பூவில் வெளியிட்டாள்.

மத்தியானம் மேனேஜர் பாய்ந்து வந்தார்.

“யாரைக் கேட்டுப் போட்டே? எடு அதை!”

“எடுக்க மாட்டேன் சார்.”

எதிர்மேசைக் கணக்கருக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது.

“என்னை வேணா அனுப்பிடுங்க. என் கையால அதை அழிக்க மாட்டேன்.”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. அவர் மனைவி. அந்தம்மாவுக்கு வெண்கலத் தொண்டை. போனைக் காதில் வைத்தாலும் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்.

“ஏங்க, உங்க கம்பெனி போட்டதை இப்பத்தான் படிச்சேன். நம்ம வீட்லயும் அதே கீசர்தானே? பாப்பா தெனம் ஜன்னலைச் சாத்திட்டுத்தான் குளிக்கிறா. இத்தனை நாளா ஏன் வாயைத் தெறக்கல நீங்க?”

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. “தெறந்து வை” என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி. போனை வைத்ததும் பலகையைப் பார்த்தார். பழக்கதோஷம், விரல் சீட்டின் ஓரத்தைச் சுரண்டியது. டேப் வரவில்லை.

“சாயங்காலம் என் ரூமுக்கு வா.”

“வரேன் சார்.”

சொல்லிவிட்டு மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்தாள். குளிர் முடியும்வரை உள்ள ஒவ்வொரு வாரத்துக்கும் அதே வரியை எழுதி, அவர் கண்ணெதிரிலேயே ஒட்ட ஆரம்பித்தாள்.