இரண்டாவது ஓட்டுநர்

வண்டியின் விலையைவிட வண்டிக்கான ஓராண்டுக் காப்பீடு அதிகம் என்று முகவர் சொன்னபோது, அவருடைய சிறிய அலுவலகத்தில் இருந்த நான்கு நாற்காலிகளில் மூன்று ஒரே சமயத்தில் கிரீச்சிட்டன. அசையாமல் அமர்ந்திருந்தவள் தாய் மட்டுமே. அதிர்ச்சி அவளுக்கும் இருந்தது; ஆனால் பொது இடத்தில் நாற்காலியைக் கிரீச்சிட வைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"பதினெட்டு வயசு. லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல," என்றார் முகவர். அக்குடும்பத்தின் காரியங்களை நெடுங்காலமாகப் பார்த்து வருபவர். "கம்பெனி இவங்களை டிரைவராப் பார்க்கல அண்ணே. உருண்டு போற வெடியாப் பார்க்குது."

"நான் இன்னும் யாரையும் இடிக்கலையே?" என்றாள் மகள்.

"அதான் தங்கச்சி சிக்கல். இடிக்காம ஓட்டினேன்னு காட்ட உங்ககிட்ட வருஷம் இல்ல."

மகளுக்கு ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். உள்நோயாளிகளின் மாதிரிகளை விடியுமுன்பே எடுத்தாக வேண்டும் என்பதால் பணி இருட்டிலேயே தொடங்கிவிடும். முதல் பேருந்தோ, பணி தொடங்கி வெகுநேரம் கழித்து நகரத்தின் அந்தக் கோடிக்கு ஆடி அசைந்து போய்ச் சேரும். அதற்காகவே, ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவரிடம் அவருடைய பழைய சிறிய காரை வாங்கியிருந்தார்கள். அது இப்போது வீட்டு வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. காப்பீடு இல்லாமல் அதைத் தெருமுனை வரைகூட நகர்த்த முடியாது. வேறு நிறுவனங்களையும் மகள் ஒன்று விடாமல் கேட்டுப் பார்த்துவிட்டாள். வயதைச் சொன்னதுமே எல்லோரும் ஒரே ராகம்தான் பாடினார்கள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். வாகன உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்; ஆகையால் வாகனம் பற்றிய பேச்சில் கடைசிச் சொல் தம்முடையதாகவே இருக்க வேண்டும் என்று நம்புகிறவர்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? என் பேர்ல எழுது. வண்டியை நான்தான் ஓட்டுறேன்னு சொல்லிடுவோம். பிள்ளை பாட்டுக்கு ஓட்டட்டும். உலகமே இப்படித்தானே ஓட்டுது!"

முகவர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார்.

"வேணாம் பெரியப்பா," என்றாள் மகள். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி கையை விரிச்சிடும். ஒண்ணும் ஆகலைன்னா, நான் ஒழுங்கா ஓட்டின நல்ல பேரெல்லாம் உங்க கணக்குல சேரும். ரெண்டு பக்கமும் எனக்குத்தான் நஷ்டம்."

"ஜட்ஜம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க," என்றார் தகப்பனார். சிறு வயதில் வீட்டுச் சண்டைகளை எல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்று தீர்த்து வைத்ததால் அவளுக்கு வாய்த்த பட்டப்பெயர் அது.

முகவர் ஒரு வழி சொன்னார். வீட்டில் பெரியவர் ஒருவரும் அதே காரை உண்மையாகவே ஓட்டுவாரானால், அவரை இரண்டாவது ஓட்டுநராகச் சேர்க்கலாம். கம்பெனிக்குக் கொஞ்சம் தைரியம் வரும். விலை ஏறக்குறைய பாதியாக இறங்கும். இந்த விலை மாதக் கடைசி வரைக்கும்தான் நிற்கும்.

"என் பேரைப் போடு," என்றார் தகப்பனார்.

"உங்க பேரைப் போட்டா ஏறும் அண்ணே," என்று முகவர் தயங்கினார். "அந்தப் பால் வண்டியை இடிச்சது... அப்புறம் பெட்ரோல் பங்க்ல... அண்ணிகிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

அண்ணன் தம்பி இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"இவளா! எங்க வீட்டுக் கேட் தூணைக் கேட்டுப் பாருங்க, கதை கதையாச் சொல்லும்," என்றார் தகப்பனார்.

அந்தச் சிரிப்பு தாய்க்குப் பழகிப்போன ஒன்று. மகள் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

"அம்மா ஓட்ட மாட்டாங்கண்ணா. ஓட்டாதவங்க பேரை எழுதினா அதுவும் பொய்தானே."

நியாயமான வாக்கியம். அதில் திருத்துவதற்கு ஓர் எழுத்துகூட இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் தாய் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

கேட் தூணின் கதை இவ்வளவுதான். மகள் வயிற்றில் இருந்த காலத்தில், புதிதாக வாங்கிய காரைப் பின்னோக்கி எடுத்தபோது அவள் இடதுபக்கக் கதவைத் தூணில் உரசிவிட்டாள். "உனக்கெதுக்கு இந்த வம்பெல்லாம்?" என்று கணவர் அன்பாகத்தான் சாவியை வாங்கிக்கொண்டார். அன்பாக வாங்கிய சாவி திரும்பி வரவே இல்லை. எனினும் அவள் தன் ஓட்டுநர் உரிமத்தைக் காலாவதியாக விட்டதில்லை. விருந்தாளியே வராத வீட்டில் நாற்காலியைத் துடைத்து வைப்பதைப்போல, தவணை தவறாமல் புதுப்பித்து வந்தாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய வணிக வளாகத்தில். கடைகள் திறக்குமுன் தரைதுடைக்கும் இயந்திர வண்டியில் ஏறி அமர்ந்து, மூன்று தளங்களையும் பளபளவென்று துடைத்து முடிக்க வேண்டும். உடன் வேலை செய்பவர்கள் அந்த வண்டியை 'எருமை' என்பார்கள். கண்ணாடிக் கதவுகளுக்கும் சலவைக்கல் தூண்களுக்கும் நடுவே அவள் எருமையை முன்னும் பின்னும் செலுத்துவாள். ஒரு தூணிலும் அதன் கொம்பு பட்டதில்லை. இதை வீட்டில் எவரும் ஓட்டுவது என்று கணக்கில் எடுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், அவளும் எடுத்ததில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். மகளுக்குக் கற்றுக்கொடுத்த அதே பள்ளி. நடத்துபவளை எல்லோரும் மாஸ்டரம்மா என்று அழைப்பார்கள்.

"உங்க பொண்ணுதான் பாஸாயிடுச்சே அக்கா, இன்னும் என்ன?"

"எனக்கு."

மாஸ்டரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சாவியை நீட்டினாள். அந்த ஒரு காரியத்துக்காகவே மாஸ்டரம்மாவைத் தாய்க்குப் பிடித்துப்போயிற்று.

முதல் நாள் கைத்தடி ஊன்றிய முதியவர் ஒருவர் காரை முந்திக்கொண்டு போனார்.

"அக்கா, பின்னாடி வர்றவங்க நம்மளை ஊர்வலம்னு நினைச்சிடப் போறாங்க. கொஞ்சம் அழுத்துங்க."

எருமையின் வேகம் காலில் ஊறிப்போயிருந்தது. அதைவிடத் தொல்லை, ஹாரன். எருமைக்குப் பின்னால் நின்று எவரும் ஹாரன் அடித்ததில்லை. மூன்றாம் நாள் சிக்னலில் கார் அணைந்து நின்றுவிட, பின்னால் இருந்த வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தக் கணத்தில், பழைய சிரிப்பு முழுவதும் அந்த ஹாரனுக்குள் புகுந்துகொண்டு ஒலிப்பதாகத் தோன்றியது. அவள் கண்ணாடியில் அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"அவசரம்னா பறந்து போகச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, காரை முறையாகக் கிளப்பிக்கொண்டு போனாள்.

பின்னோக்கிச் செலுத்தி இரு தூண்களுக்கு நடுவே நிறுத்தும் பாடம் வந்த நாளில், மாஸ்டரம்மாவுக்குச் சொல்லித்தர எதுவும் மிஞ்சவில்லை.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எருமை மேல."

தாமதம் ஏன் என்று கணவர் கேட்டபோதெல்லாம் "வேலை இருந்துச்சு" என்றாள். அது பொய்யன்று.

மாதக் கடைசி நாள் வந்தது. கணவரின் காரில் எல்லோரும் மீண்டும் முகவரிடம் சென்றார்கள். பெரியப்பா தம் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தயாராக வைத்திருந்தார்.

"பேச்சே வேணாம். என் பேர்ல எழுது," என்றார்.

மகள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். "பொய் சொல்லித்தான் அந்த வேலைக்குப் போகணும்னா நான் போகல. ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"திமிரைப் பாரு," என்றார் பெரியப்பா.

"தம்பி," என்று தாய் முகவரை அழைத்தாள். "இரண்டாவது ஓட்டுநர்னு என் பேரைப் போடுங்க."

கணவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, எனக்காகப் பொய் சொல்லாதீங்க," என்றாள் மகள்.

"பொய்யா இல்லையான்னு நீயே பார்த்துச் சொல்லு. தம்பி, அதுவரைக்கும் ஒண்ணும் எழுதாதீங்க." கணவரின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். "என்னங்க, சாவி."

"என் வண்டியிலயா? விளையாடுறியா? உனக்கு இன்சூரன்ஸ் ஏது? ஏதாவது ஆனா யார் பதில் சொல்றது? இவரையே கேளு."

முகவர் கள்ளமில்லாத மனிதர். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

"அண்ணி பேர் உங்க வண்டி இன்சூரன்ஸ்ல இரண்டாவது ஓட்டுநரா இருக்கே அண்ணே. முதல் வருஷத்துலருந்தே நீங்கதானே போடச் சொன்னீங்க? அந்தப் பேர் இருக்கிறதாலதான், அத்தனை இடிக்கு அப்புறமும் உங்க பிரீமியம் இந்த அளவுல நிக்குது."

பெரியப்பா தம் அடையாள அட்டையை எடுத்து அதில் புதிதாக ஏதோ அச்சாகியிருப்பதைப்போல் படித்தார். கணவர் எதையும் பார்க்கவில்லை.

"அப்ப இத்தனை வருஷமா நான் ஓட்டிக்கிட்டுதான் இருந்திருக்கேன்," என்றாள் அவள். "எனக்குத்தான் தெரியல."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. சாவி வந்து சேர்ந்தது.

அலுவலகக் கட்டடத்தின் நிலத்தடி நிறுத்துமிடம் முழுவதும் தூண்கள். மகள் முன்னால் அமர்ந்தாள். கணவர் பின்னால் ஏறி, ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். அவள் இருக்கையை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடிகளைத் தன் கண்ணுக்கு ஏற்பத் திருப்பினாள். கார் சரிவில் ஏறி, கடைத்தெருவின் நெரிசலுக்குள் நுழைந்து, ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பிவந்தது. இரண்டு முறை ஹாரன் கேட்டது. இரண்டு முறையும் அவள் தன் நேரத்துக்குத்தான் நகர்ந்தாள். நிலத்தடியில் பின்னோக்கி எடுக்கத் தொடங்கியபோது கணவரால் பொறுக்க முடியவில்லை.

"இடது பக்கம் தூணு... தூணு!"

"பின்னாடி உட்கார்ந்தவங்க பேசக்கூடாது."

கார் இரு தூண்களுக்கும் சம தூரத்தில் நின்றது. மகள் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தாள். இடதுபக்கக் கதவருகே குனிந்து பார்த்தாள்.

"ரிவர்ஸ் சுத்தம். ஆனா ரவுண்டானாவுல இண்டிகேட்டர் லேட்டாப் போட்டீங்க."

"திருத்திக்கிறேன்."

"நம்ம சின்ன வண்டியை எப்ப ஓட்டுவீங்க?"

"சனி ஞாயிறு உனக்கு லீவு, எனக்கு டியூட்டி. அன்னைக்கு வண்டி எனக்கு."

"பெட்ரோல்?"

"அவங்கவங்க ஓட்டினதுக்கு அவங்கவங்க."

மகள் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். மற்றவர்கள் அலுவலகத்துக்குள் வந்தபோது அவள் முகவரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எழுதுங்கண்ணா. முதல் ஓட்டுநர் நான். இரண்டாவது ஓட்டுநர் எங்கம்மா. ரெண்டும் உண்மை."

முகவர் தட்டச்சு செய்தார். விலை இறங்கியது; மகளின் சம்பளத்தால் தாங்கக்கூடிய இடத்தில் வந்து நின்றது.

வெளியே வந்ததும் கணவர் மெல்லக் கையை நீட்டினார். "என் சாவி?"

"அந்த வண்டியிலயும் என் பேர் இருக்குல்ல? வீடு வரைக்கும் நான்தான் ஓட்டறேன். ஏறுங்க."

"நான் பஸ்ல வந்துடறேன்," என்றார் பெரியப்பா.

"உங்க இஷ்டம் அத்தான். அடுத்த பஸ் எப்பன்னு இவளைக் கேளுங்க. பஸ் நேரமெல்லாம் இவளுக்கு மனப்பாடம். இனிமே இவளுக்கு அது தேவைப்படாது."